பாலத்து ஏற்றத்தில் அப்பா நின்ற இடம்

எங்கள் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போகும் வழியில் ஒரு ரயில்வே மேம்பாலம் இருக்கிறது. கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வுபெற்ற என் அப்பா, காலை எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டு, மஞ்சள் பையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தப் பாலத்தின் மீது நடந்துதான் காய்கறி வாங்கப் போவார். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், நான் ஸ்கூட்டரில் அதே வழியாகப் போனபோது, ஏற்றத்தின் நடுவில் அவர் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். இடது கை பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பற்றியிருந்தது. வலது கை முட்டியாக மடங்கி நடு நெஞ்சில் அழுந்தியிருந்தது. பை காலடியில் கிடந்தது. வண்டியை நிறுத்திவிட்டு என்னவென்று கேட்டேன். "ஒன்னுமில்லம்மா, கூட்ஸ் வண்டியில எத்தனை பெட்டின்னு எண்ணிக்கிட்டு இருந்தேன்" என்றார். கீழே எட்டிப் பார்த்தேன். தண்டவாளம் வெறுமையாகக் கிடந்தது.

அன்று மாலை அம்மாவிடம் விசாரித்தபோதுதான், இரண்டு மாதங்களாகவே அவர் அந்த ஏற்றத்தில் ஒருமுறை நின்றுதான் போகிறார் என்பது தெரிந்தது. வீட்டில் அதற்கு வாயு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓமத்தண்ணீர் கொடுத்தார்கள்; மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய வாயு மாத்திரை இரண்டு அட்டை தீர்ந்திருந்தது; காலைச் சாப்பாட்டில் பருப்பைக் குறைத்திருந்தார்கள். நின்று ஒரு ஏப்பம் விட்டால் சரியாகிவிடுகிறது என்பது அப்பாவின் கட்சி. ஏப்பம் விட்டதால் சரியாகவில்லை, நின்றதால்தான் சரியாயிற்று என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. இந்த ஒரு பிசகில்தான் தமிழ்நாட்டு வீடுகளில் எத்தனையோ பேருடைய இதய நோய் மாதக்கணக்கில் மறைந்து கிடக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

பக்கத்திலிருந்த ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனோம். "நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு இருந்தது வலி அன்று, பாரம். மேசையில் படுக்கவைத்து எடுத்த இசிஜி சீராக இருந்தது. கேஸ்தான் என்று சொல்லி, வெறும் வயிற்றில் போடும் மாத்திரையை எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள். அந்த மருத்துவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனால் மூன்று வாரம் கழித்து மதுரையில் நாங்கள் பார்த்த இன்னொரு மருத்துவர், ஸ்டெதஸ்கோப்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே கேட்ட கேள்வி வேறாக இருந்தது: "நடக்கும்போது எங்கேயாவது நிக்க வேண்டியிருக்குதா ஐயா?" அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பாலத்தைப் பற்றிச் சொன்னார். எவ்வளவு நேரம் நின்றால் போகிறது, இறக்கத்தில் வருகிறதா, சாப்பிட்டபின் அதிகமா, அதிகாலைக் குளிரில் அதிகமா, மாடி ஏறும்போது உண்டா, உட்கார்ந்திருக்கும்போது எப்போதாவது வந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனார். எங்கே வலிக்கிறது என்பதைவிட எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதே இந்த நோயின் அடையாளம் என்பதை நான் அந்த அறையில்தான் முதன்முதலாகக் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்வதற்காகவே இந்தப் பதிவு.

இந்த நிலைக்கு ஆஞ்சைனா என்று பெயர். தமிழில் மார்பு நெரிப்பு என்று எழுதுகிறார்கள். நெரிப்பு மிகப் பொருத்தமான சொல், ஏனெனில் இலத்தீன் மூலத்துக்கும் நெரித்தல், இறுக்குதல் என்பதே பொருள். உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இதயம், தன் தசைக்கு வேண்டிய இரத்தத்தைத் தன் அறைகளுக்குள் நிரம்பியிருக்கும் இரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்வதில்லை. பெருந்தமனி தொடங்கும் இடத்திலேயே கிளை பிரிந்து, இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்து ஓடும் கரோனரி தமனிகள் அதற்கென்று தனியாக இருக்கின்றன. மூன்று நான்கு மில்லிமீட்டர் விட்டம் கொண்ட குழாய்கள் அவை. கால் தசையோ கைத்தசையோ ஓய்வில் இருக்கும்போது தன்னிடம் வரும் ஆக்சிஜனில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. வேலை கூடும்போது அந்த மிச்சத்திலிருந்து கூடுதலாக எடுத்துக்கொள்ள அதற்கு இடமுண்டு. இதயத் தசைக்கு அந்த வசதி இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தன்னிடம் வரும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முக்கால் பங்கை அது எடுத்துவிடுகிறது. ஆகவே மேலும் வேண்டுமென்றால் மேலும் இரத்தம் வந்தாக வேண்டும்; வேறு வழியில்லை. நல்ல தமனிகள் ஓட்டத்தை நான்கைந்து மடங்கு வரை கூட்டித் தருகின்றன. உட்புறச் சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்து, குழாயின் உள்வழி எழுபது விழுக்காட்டுக்கு மேல் சுருங்கிப்போன தமனியால் பொதுவாக அது முடிவதில்லை. ஓய்வில் போதுமான அளவு தருகிறது; ஏற்றத்தில் கைவிரிக்கிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. இதயம் சுருங்கும்போது அதன் தசையே தன்னுள் ஓடும் சிறு குழாய்களை நசுக்கிவிடுவதால், இடது கீழறைத் தசைக்கு வேண்டிய இரத்தத்தின் பெரும்பகுதி, இதயம் விரிந்து இளைப்பாறும் இடைவெளியில்தான் போய்ச் சேருகிறது. வேகமாக நடந்தால் துடிப்பு கூடுகிறது. துடிப்பு கூடக்கூட அந்த இடைவெளி குறுகுகிறது. தேவை ஏறும் அதே நேரத்தில் நிரம்பும் அவகாசம் குறைகிறது. காலை எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்ட கையோடு பாலம் ஏறிய அப்பாவின் இதயம், செரிமானத்துக்காக வயிற்றுக்கும் கூடுதல் இரத்தம் அனுப்பிக்கொண்டு, கால்களுக்கும் அனுப்பிக்கொண்டு, தனக்கு வேண்டியது கிடைக்காமல் தவித்திருக்கிறது. வாயு என்று நாங்கள் நம்பியதற்கு அந்த இட்லிதான் சாட்சியாக இருந்தது. அதே இட்லி இதயத்துக்கும் சாட்சி என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

இதைக் கண்டறிய மருத்துவ உலகுக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. லண்டனில் இருந்த வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் 1768ஆம் ஆண்டில் அங்குள்ள மருத்துவர் கழகத்தில் இந்த நோயை விவரித்தார். அந்தக் கட்டுரை 1772இல் அச்சாயிற்று. நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, அதிலும் சாப்பிட்டவுடன் நடக்கும்போது நெஞ்சில் பிடிக்கிறது. நின்ற மாத்திரத்தில் விட்டுவிடுகிறது என்று அவர் எழுதினார். இசிஜி வருவதற்கு நூறாண்டுகளுக்கும் மேல் இருந்த காலம் அது. கரோனரி தமனிகளுக்கும் இதற்கும் தொடர்பு உண்டென்றுகூட அவருக்குத் தெரியாது. நோயாளிகள் சொன்னதைக் கேட்டே எழுதினார். 250 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அந்த வரிகளை மதுரை மருத்துவர் எனக்குச் சொன்னபோது, எங்கள் ஊர்ப் பாலத்தைப் பார்த்துவிட்டு எழுதியது போலவே இருந்தது. அதே நூற்றாண்டில் லண்டனில் புகழ்பெற்ற அறுவை மருத்துவராக விளங்கிய ஜான் ஹண்டருக்கும் இந்த நெரிப்பு இருந்தது. கோபம் வந்தால் தமக்கு நெஞ்சில் பிடிக்கும் என்பதை அறிந்திருந்த அவர், தம்மைச் சீண்ட நினைக்கும் எவன் கையிலும் தம் உயிர் இருப்பதாகச் சொல்லிவந்தார். 1793ஆம் ஆண்டு அக்டோபரில், தம் மருத்துவமனையின் கூட்டத்தில் நடந்த வாக்குவாதத்துக்கு நடுவே எழுந்து வெளியே போனவர் அங்கேயே விழுந்து இறந்தார். ஏற்றம் என்பது பாலத்தில் மட்டும் இல்லை. சினமும் இதயத்துக்கு ஓர் ஏற்றம்தான்.

இனி, வலி என்ற சொல்லைப் பற்றி. நம் மக்கள் இதை வலி என்று சொல்வது அரிது. பாரமாக இருக்கிறது, இறுக்குகிறது, அடைக்கிறது, அமுக்குகிறது, எரிகிறது, கல்லைத் தூக்கி வைத்தது போல இருக்கிறது என்பார்கள். இதயத்திலிருந்து வரும் நரம்புகளும், கையின் உட்பக்கத்திலிருந்தும் நெஞ்சுச் சுவரிலிருந்தும் வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே தளங்களில் சேர்வதால், செய்தி எங்கிருந்து வருகிறது என்பதை மூளையால் துல்லியமாகப் பிரித்தறிய முடிவதில்லை. அதனால்தான் இடது தோளில், முழங்கையில், சுண்டுவிரல் பக்கத்தில், தொண்டையில், கீழ்த்தாடையில், முதுகில், சிலருக்கு மேல்வயிற்றில் அது தெரிகிறது. தாடை வலிக்கிறதென்று பல் மருத்துவரிடம் போனவர்களும் உண்டு. ஒரு விரலால் தொட்டு இங்கேதான் என்று காட்டக்கூடிய குத்தலும், அழுத்தினால் கூடுகிற வலியும், மூச்சை இழுக்கும்போது மட்டும் வரும் வலியும் இதயத்தினுடையதாக இருப்பதற்கு வாய்ப்புக் குறைவு. முட்டியை மடக்கி நடு நெஞ்சில் வைத்துக் காட்டும் அந்தச் சைகைக்கு, பாஸ்டனில் இருந்த சாமுவேல் லெவின் என்ற மருத்துவரின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பாலத்தில் நான் பார்த்தது அந்தக் கையைத்தான். அதற்குப் பெயர் உண்டென்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் இடையில் மூன்று வாரம் வீணாகியிருக்காது.

இசிஜி சீராக இருந்ததே என்று மதுரை மருத்துவரிடம் கேட்டேன். "படுத்திருக்கும்போது அவருக்குக் குறையே இல்லையே, அப்புறம் இசிஜியில என்ன தெரியும்?" என்றார். ஓய்வில் எடுத்த இசிஜி நன்றாக இருக்கிறது என்பதை வைத்து ஆஞ்சைனா இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பது நான் அடிக்கோடிட்டுச் சொல்ல விரும்பும் செய்தி. எக்கோ என்ற இதய ஸ்கேன் பார்த்தார்கள், இதயத்தின் பம்ப் செய்யும் திறன் நன்றாகவே இருந்தது. பிறகு டிரெட்மில் சோதனை. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அந்த ஓடுபட்டை வேகத்தையும் சாய்வையும் கூட்டிக்கொண்டு போகிறது. ஆய்வுக்கூடத்துக்குள் பாலத்து ஏற்றத்தைக் கொண்டுவந்து வைத்தது போல. ஐந்தாம் நிமிடத்தில் அப்பாவின் கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. திரையில் இசிஜி கோட்டின் ஒரு பகுதி கீழே இறங்கியது. நிறுத்திப் படுக்கவைத்து, சில நிமிடங்களில் கோடு பழைய நிலைக்கு ஏறியதையும் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இரண்டு மாதமாக அவர் சொல்லாமல் வைத்திருந்ததை அந்தக் கோடு சொல்லிவிட்டது.

அதன் பிறகு நடந்தது குழப்பமான காலம். வேறொரு மருத்துவமனையில் மணிக்கட்டு வழியாகச் சாயம் செலுத்தி இதயக் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோ எடுத்தார்கள். வலது கரோனரி தமனியில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு அடைப்பு. மற்ற இரண்டு பெரிய கரோனரி தமனிகளிலும் சிறு படிவுகள். அப்பா இன்னும் மேசையில் படுத்திருக்க, என்னை வெளியே அழைத்து, அடைப்பை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்டை இப்போதே வைத்துவிடலாம், பத்து நிமிடத்தில் முடிவு சொல்லுங்கள் என்றார்கள். எண்பது என்ற எண்ணைக் கேட்டதும் எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. இன்னும் இருபதுதான் மிச்சம், அது அடைத்தால் ஆள் போய்விடுவார் என்றுதான் மனம் கணக்குப் போட்டது. மதுரை மருத்துவருக்குப் போன் செய்தேன். அவசரமில்லை, அழைத்து வாருங்கள், பேசுவோம் என்றார்.

அவர் விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன். நடந்தால் வந்து நின்றால் போகிற, மாதக்கணக்கில் ஒரே அளவில் இருக்கிற நெரிப்பு ஒன்று, மாரடைப்பு வேறொன்று. முன்னது, நாளடைவில் கெட்டிப்பட்டுக் குறுகிய குழாயினால் வருவது. பின்னது, பெரும்பாலும், மேலே மெல்லிய மூடியும் உள்ளே கொழுப்பும் கொண்ட ஒரு படிவு திடீரென வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாய் முழுதும் அடைபடுவதால் வருவது. வெடிக்கும் படிவு பல சமயம் அதற்கு முன்புவரை பெரிய அடைப்பாகவே இருந்திருக்காது. ஆகையால் எண்பது விழுக்காடு இருக்கும் ஓரிடத்தை விரித்துவிடுவது நெரிப்பைப் போக்கும். ஆனால் மற்ற இடங்களில் இருக்கும் படிவுகளை அமைதிப்படுத்த கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினும், இரத்த அழுத்தக் கட்டுப்பாடும், புகையை விடுவதும்தான் வழி. இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2020இல் வெளியான இஸ்கீமியா என்ற பெயருடைய ஆய்வு, இப்படி நிலையாக இருக்கும் நோயில் முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்தவர்களுக்கும், முதலில் மருந்து மட்டும் கொடுத்துப் பார்த்தவர்களுக்கும் இறப்பிலும் மாரடைப்பிலும் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டது. நெரிப்பு அடிக்கடி வந்தவர்களுக்கு அது குறைந்ததில் மட்டும் ஸ்டென்டும் பைபாஸும் முந்தின. இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டென்டே வேண்டாம் என்று கிளம்பிவிடக் கூடாது. இடது பிரதான தமனியில் அடைப்பு இருப்பவர்கள், பம்ப் செய்யும் திறன் குறைந்தவர்கள், மருந்துக்கு அடங்காத நெரிப்பு உள்ளவர்கள், ஓய்விலேயே நெரிப்பு வரத் தொடங்கியவர்கள் ஆகியோரின் கணக்கு வேறு. மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது உடனே அடைப்பைத் திறப்பது உயிரைக் காப்பாற்றுகிற செயல். அங்கே யோசிக்க அவகாசமே இல்லை. அப்பா போன்ற ஒருவரின் விஷயத்தில், வீட்டுக்குப் போய் ஒரு வாரம் யோசிக்க உரிமை உண்டு என்பதைத்தான் அந்தப் பத்து நிமிடத்தில் யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மருந்தோடு தொடங்கினோம். இதயத் துடிப்பைத் தணிக்கும் மெட்டோபிரலால் மாத்திரை, மேலே சொன்ன இடைவெளியை நீட்டித்துக் கொடுக்கிறது, தேவையையும் குறைக்கிறது. அவசரத்துக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை. சார்பிட்ரேட் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த அந்தச் சின்ன மாத்திரை நைட்ரேட் வகையைச் சேர்ந்தது. இந்த வகையின் வரலாறு தனிக்கதை. ஆல்ஃபிரட் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்ற அதே 1867ஆம் ஆண்டில், எடின்பரோவில் லாடர் பிரன்டன் என்ற இளம் மருத்துவர் அமைல் நைட்ரைட்டை முகரவைத்து நெரிப்பைத் தணிக்கலாம் என்று எழுதினார். 1879இல் வில்லியம் மர்ரல், டைனமைட்டின் உயிர்ப்பொருளான நைட்ரோகிளிசரினையே சிறு அளவில் மருந்தாகக் கொடுத்துக் காட்டினார். தம் கடைசிக் காலத்தில் நோபலுக்கே இதய நோய் வந்து, மருத்துவர்கள் அதையே எழுதிக்கொடுத்தார்கள். அது இரத்தக்குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடாக மாறி வேலை செய்கிறது என்ற உண்மையை நோக்கி நடந்த ஆராய்ச்சிக்கு, 1998ஆம் ஆண்டில் அவர் பெயரிலான பரிசே வழங்கப்பட்டது. இந்த மாத்திரை முக்கியமாகச் சிரைகளைத் தளர்த்தி, இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தத்தின் அளவைக் குறைத்து, அதன் சுமையை இறக்கிவைக்கிறது. அழுத்தம் சட்டென்று இறங்கி மயக்கம் வரலாம் என்பதால் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். சில்டெனாஃபில் வகை ஆண்மை மாத்திரை எடுத்தவர்கள் இதைத் தொடவே கூடாது. வெட்கத்தால் மருத்துவரிடம் அதை மறைப்பது ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கி வைத்துப் பார்ப்பதும் கூடாது.

எப்போது ஓட வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் ஐயமில்லை. உட்கார்ந்து மாத்திரை வைத்து ஐந்து நிமிடத்தில் தணியாத நெரிப்பு, ஓய்வில் அல்லது தூக்கத்தில் வரும் நெரிப்பு, குளிர்ந்த வியர்வையோடும் வாந்தியோடும் மூச்சுத்திணறலோடும் வருவது, முன்பு மேட்டில் மட்டும் வந்தது இப்போது சமதரையிலும் வரத் தொடங்குவது, இவற்றில் எது நேர்ந்தாலும் 108. கடைசியாகச் சொன்னது தானாகத் தணிந்துவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டியது. பைக்கின் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது; வழியில் மயங்கினால் பிடிக்க ஆளிருக்காது, முதலுதவியும் இருக்காது. தமிழ்நாட்டில் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தின்கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், ஸ்டேட்டின் வகையான அட்டார்வாஸ்டாட்டின் ஆகியவற்றின் முதல் வேளை அளவைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அப்பா இப்போது சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கிளம்புகிறார். மார்கழியில் விடியற்காலைக் கோயிலை, குளிர் தணிந்த எட்டு மணிக்கு மாற்றிக்கொண்டார். குளிரில் உடலின் மேற்பரப்புக் குழாய்கள் சுருங்கி, இதயம் கூடுதல் எதிர்ப்பை மீறி இரத்தத்தைத் தள்ள வேண்டியிருக்கிறது என்று சொன்ன பிறகு அவர் வாதாடவில்லை. பாலத்தை நிற்காமல் கடக்கிறார். மாத்திரை அட்டை சட்டைப்பையில், காலாவதித் தேதி தெரியும்படி.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அத்தை. பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். சர்க்கரை நரம்புகளை மங்கச் செய்துவிடுவதால் இப்படிப்பட்டவர்களுக்கு நெரிப்பே தெரியாமல் போகலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் நெஞ்சில் பாரத்துக்குப் பதிலாக மூச்சு வாங்கல், சோர்வு, குமட்டல் என்று வேறு உருவத்தில் வரலாம். சென்ற வாரம் போனில் பேசும்போது, கொஞ்ச நாளாக ஒரே அசதி, வயசாகிறது அல்லவா என்றார். நான் மதுரை மருத்துவரின் கேள்வியைக் கேட்டேன். எதைச் செய்யும்போது அத்தை? சற்று யோசித்துவிட்டு, ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகும்போது, இரண்டாவது திருப்பத்தில் என்றார். அங்கே என்ன செய்வீர்கள்? வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் நிற்பேன், சரியாகிவிடும் என்றார்.

வரும் திங்கட்கிழமை காலை அத்தையை மதுரைக்கு அழைத்துப்போகிறேன். அதுவரைக்கும் துணி காயப்போடுவதை மாமா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.